முதல் பாதிக்காரர்

எந்தக் கதைக்கும் இரண்டாம் பாதி என்று ஒன்று உண்டு என்பதையே ஒப்புக்கொள்ளாத ஒரு மனிதரின் வீட்டில் சில வருடங்கள் குடியிருந்தோம். சினிமா என்றால் இடைவேளையில் எழுந்துவிடுவார். புத்தகம் என்றால் நடுவில் மூடிவிடுவார். அபிப்பிராயத்தை மட்டும் முழுசாகச் சொல்வார். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் உள்ளூர் தையல் மெஷினுக்கும் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குகிற உத்தியோகம். மாடியில் நாங்கள், நடுவில் வீட்டுக்காரரும் அவர் மனைவியும், கீழ்த்தளத்தில் அவருடைய சாம்பிள் யூனிட். ஆர்டர் பிடிப்பதற்கு முன் கம்பெனிக்காரர்கள் பையருக்குக் காட்டுவதற்காக இரண்டு மூன்று பீஸ் தைத்து அனுப்புவார்கள். அந்த இரண்டு மூன்றை மட்டும் தைத்துக் கொடுப்பதுதான் அவர் தொழில். கை சுத்தம். காலர் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். ஆனால் அதே டிசைனில் மொத்தமாகத் தைத்துத் தரச் சொன்னால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல முகத்தைச் சுளிப்பார்.

"சாம்பிள் எப்பவும் நல்லாத்தானுங்க இருக்கும், அம்மிணி. கெட்டுப்போறதெல்லாம் மொத்தமாத் தைக்கறப்பத்தான். நான் நல்லதோட நின்னுக்கறனுங்க" என்பார்.

ஏதோ தொழில் தத்துவம் பேசுகிறார் என்று முதலில் நினைத்துக்கொண்டேன். மனுசனின் இலக்கியக் கொள்கையும் அதுதான் என்பது தெரியச் சில நாள் ஆயிற்று.

நாங்கள் குடிவந்த அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். சாமான் இறக்கும்போது என் புத்தகப் பெட்டி ஒன்று வாய் பிளந்துவிட்டது. மேலே கிடந்த நாவலை எடுத்துத் தூசி தட்டிய வீட்டுக்காரரின் முகம் மலர்ந்துவிட்டது.

"இதுங்களா! நெம்ப நல்ல கதைங்க. அந்தப் பையன் அப்பங்கிட்டச் சொல்லாம ரயிலேறிப் போயி ஒரு அச்சாபீசுல வேலைக்குச் சேந்துக்கறான். மொதலாளி தங்கமான மனுசன். மூணு வேளையும் சோறு. நிம்மதியா இருக்கறானுங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அண்ணாச்சி, அந்த அச்சாபீசு எரிஞ்சு போய், பழி அவன்மேல விழுந்து, கடைசியில ஜெயில்லல்லா செத்துப்போறான்?"

சபையில் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு மரியாதையாகவே கேட்டார். "அதெல்லாம் நமக்கெதுக்குங்க?"

என் குணம் நேர் எதிர். புத்தகம் கைக்கு வந்தால் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் படிப்பேன். யார் செத்தார்கள், யார் தப்பித்தார்கள் என்று தெரிந்தால்தான் எனக்கு நிம்மதியாக முதல் பக்கத்துக்குப் போக முடியும். ஆகவே அவரும் நானும் ஒரே புத்தகத்தைப் பற்றிப் பேசினால் கேட்கிறவர்கள் இரண்டு புத்தகம் என்றே நினைப்பார்கள். என் கணவர் நினைத்தார். புத்தகமே படிக்காத புண்ணியவான் அவர்.

அண்ணாச்சி வீட்டு அலமாரியைப் பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கில் புத்தகம். எதை எடுத்தாலும் முன்பாதி கை பட்டுப் பட்டுப் பழுப்பேறி மெத்தென்றிருக்கும். பின்பாதி கடையிலிருந்து வந்த மொடமொடப்போடு அப்படியே இருக்கும். நடுவில் அடையாளத்துக்கு ஒரு பனியன் லேபிள். கழுத்துக்குப் பின்னால் உறுத்துமே, எப்படித் துவைக்க வேண்டும் என்று படம் போட்ட அந்தத் துணித்துண்டு. அதில் முறுக்கிப் பிழியாதே என்பதற்கும் ஒரு படம் உண்டு. கதாசிரியருக்கும் அவர் அதைத்தான் சொல்லி வைத்திருக்கிறார் என்று தோன்றும்.

சரி, பாதிதான் படிக்கிறார், பாதிதான் பார்க்கிறார் என்றால் சும்மா இருக்க வேண்டியதுதானே? இருக்கமாட்டார். முடி வெட்டுகிற கடையில், டீக்கடையில், என் சாம்பிளுக்கு நான் அவசரப்பட்டு நிற்கிற நேரத்தில், எங்கும் விமர்சனம்தான். ஊரையே நடுங்க வைத்த ஒரு பேய்ப்படத்தைப் பற்றி அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"பேய்ப்படமுன்னு யாருங்க சொன்னது? ஒரு புருசம் பொண்டாட்டி பாழடஞ்ச பங்களாவச் சல்லிசா வாங்கி, வெள்ளையடிச்சு, கெணறு தூர்வாரிக் குடிபோறாங்க. புதுசா ஊடு வாங்கறவீங்க எல்லாரும் ஒருக்கா பாத்துரோணுமுங்க."

கொலைக்கதை ஒன்றில் பாதி வரைக்கும் சமையல்காரன்மேல்தான் சந்தேகம். அண்ணாச்சி அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டார். கொன்றது டாக்டர் என்று நான் கடைசிப் பக்கத்தை விரித்தே காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு, "அவன் முழியே சரியில்லீங்க அம்மிணி" என்றார். புத்தகத்தில் அந்தச் சமையல்காரனின் முழியைப் பற்றி ஒரு வரி கிடையாது.

இந்தப் பழக்கம் ஒரு கல்யாண வீட்டையே கலக்கியது. அவருடைய மச்சினர் மகள் கல்யாணம், குண்டடத்தில். எல்லோரும் மிக்சியும் குத்துவிளக்கும் கொடுக்க, இவர் ஒரு நாவலை வண்ணக் காகிதம் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார். புருசன் மனைவிக்குக் காலையில் காப்பி போட்டு எடுத்துவந்து எழுப்புகிற குடும்பக் கதை. "புருசம் பொண்டாட்டின்னா இப்படி இருக்கோணும் கண்ணு" என்று மேடையிலேயே ஆசீர்வாதம் வேறு. அந்தக் காப்பியில் புருசன் தினம் ஒரு சிட்டிகை விஷம் கலந்துகொண்டிருந்தான் என்பது இரண்டாம் பாதியில்தான் வரும். புதுப்பெண் மூலனூரில் மாமியார் வீட்டில் உட்கார்ந்து முழுசாகப் படித்துவிட்டாள். அந்த மாப்பிள்ளை நிஜமாகவே நல்ல பையன். காலையில் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். "நீங்க மொதல்ல ஒரு வாய் குடிங்க" என்றாளாம். தினமும் சொன்னாளாம். மாமியார்க்காரி போனைப் போட்டுப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார்.

போனை வைத்த அண்ணாச்சிக்கு வந்த ஒரே வருத்தம் இதுதான். "இந்தப் புள்ள எதுக்குங்க முழுசாப் படிச்சா?"

யூனிட்டில் பீகார்க்காரத் தையல்காரர் ஒருவர் இருந்தார். எந்தப் படமானாலும் இந்தியில் போனில் பார்த்துவிடுவார். ஒரு திங்கட்கிழமை, அண்ணாச்சி மெஷின் பக்கத்தில் நின்று முந்தின நாள் பார்த்த படத்தின் நாயகனைப் புகழ்ந்துகொண்டிருக்க, அவர் தைத்தபடியே சோகமாகத் தலையாட்டி, "லேகின் அண்ணா, லாஸ்ட் மே ஹீரோ மர் கயா" என்றார். கடைசியில் ஹீரோ செத்துவிட்டான் என்று அர்த்தம். அண்ணாச்சிக்கு இந்தி தெரியாது, ஆனால் 'மர் கயா' என்ற இரண்டு வார்த்தை மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது. காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார். அன்று சாயங்காலம் அந்தத் தையல்காரரைக் கூப்பிட்டு, சம்பளம் வேண்டுமானால் கூட்டித் தருகிறேன், சினிமா மட்டும் பேசாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

நாலு கதை படித்தவளாயிற்றே, எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு பயப்படுகிற மனிதருக்குள் ஏதோ பெரிய துக்கம் ஒளிந்திருக்க வேண்டும். இளவயசில் யாரையாவது பறிகொடுத்திருப்பார், அதைப் பார்க்கச் சகியாமல்தான் இப்படி ஆகிவிட்டார். ஒருநாள் அக்காவிடம் பக்குவமாகக் கேட்டேன். அக்கா என்றால் அவர் மனைவி. கணியூர்க்காரி. கேட்டதற்குப் பதில், அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. அன்றைக்கும் முருங்கைக்காயை நறுக்கியபடி சிரித்தாள்.

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க கண்ணு. பயந்தாங்கொள்ளி. அவ்வளவுதானுங்க."

அத்தோடு என் கற்பனை முடிந்தது. ஆனால் அக்கா முடிக்கவில்லை. நறுக்குவதை நிறுத்திவிட்டு, அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"கண்ணாலத்துக்கு முன்னாடி நான் பாத்த படத்துக்கெல்லாம் முடிவு இருந்துச்சுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து வாரம் தவறாமல் தியேட்டருக்குக் கூட்டிப்போகிறார், ஒருமுறைகூட இடைவேளைக்குப் பிறகு உட்கார விட்டதில்லை. டிவியில் பார்க்கக்கூடாதா என்றேன். "அடுப்புக்கும் டிவிக்கும் ஓடிக்கிட்டே பாக்கறதெல்லாம் படமுங்களா? பெரிய திரையில, இருட்டுல, கை காலை நீட்டி உக்காந்து, ஒரு படத்தையாச்சும் முடிவு வரைக்கும் பாத்துரோணுமுங்க. அவருகிட்டப் பேசிப் பாத்தாச்சு. நல்லாருக்கறப்பவே எந்திரிச்சரோணும் புள்ளங்கறாரு" என்றாள். அவளுக்கு நகை வேண்டாம், புடவை வேண்டாம். முடிவு வேண்டும். எனக்கு அது புரியாதா என்ன? முடிவிலிருந்தே ஆரம்பிக்கிறவள் ஆயிற்றே நான்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நானும் வாரேன். அவரு எந்திரிச்சா நீங்க எந்திரிக்காதீங்க. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

லாரி ஓட்டுகிற அப்பா, ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிற மகள். அதுதான் படம். முதல் பாதி முழுக்க மகளை லாரியில் உட்கார வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போட்டிக்குக் கூட்டிப்போகிறார் அப்பா. இடைவேளைக்குச் சற்று முன்னால் மகள் மாநிலப் போட்டிக்குத் தேர்வாகி, லாரிக்கு மாலை போட்டு ஊரே ஆடுகிறது. விளக்கு எரிந்தது. அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நெம்ப நல்ல படமுங்க. வா புள்ள, போலாம்."

அக்கா அசையவில்லை. "நீங்க போங்க."

"பாத்ரூமுக்குப் போறியா?"

"எங்கயும் போகல. இங்கயேதான் உக்காந்திருக்கறேன்."

வரிசையில் இருந்தவர்கள் பாப்கார்ன் வாங்கப் போக வழியில்லாமல் அவருக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். சதிகாரி என்று கண்டுகொண்டுவிட்ட பார்வை. கோபம் வந்தால்கூடக் குரலை உயர்த்தத் தெரியாத மனிதர், குனிந்து அக்காவிடம் கெஞ்சினார்.

"நல்லாத்தானே இருக்கறாங்க அவிங்க? இன்னும் என்னத்தப் பாக்கோணும்?"

"நல்லாருக்கறாங்களான்னுதான் பாக்கோணும்" என்றாள் அக்கா.

அவர் தனியாக வெளியே போனார். போகும்போது படி தடுக்கியது. எனக்கே பாவமாகிவிட்டது. ஆனால் அக்கா காலை நீட்டி, சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, கல்யாணப் பெண்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். விளக்கு அணைந்ததும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாம் பாதி ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மலைப்பாதையில் லாரி உருண்டது. அப்பா போய்ச் சேர்ந்தார். மகள் ஓட்டத்தை விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். ஊர் மறந்தது. படம் எடுத்தவனுக்கு அதுவும் போதவில்லை, மாலை போட்ட லாரியை எடைக்கு வேறு போட்டுவிட்டான். அக்கா என் துப்பட்டாவை முழுசாக நனைத்துவிட்டாள். ஆனால் ஒரு நொடி கண்ணை மூடவில்லை. கடைசிப் பெயர் ஓடி முடிந்து, துடைப்பக்காரர் வந்து நிற்கும் வரை எழுந்திருக்கவில்லை.

"எப்படியிருந்துச்சுக்கா?"

"நெம்ப நல்லாருந்துச்சுங்க கண்ணு" என்றாள் மூக்கைச் சிந்திக்கொண்டே. படியிறங்கும்போதுதான் அவளுக்குத் திடீரென்று பயம் வந்தது. "இப்படி முடிஞ்சுதுன்னு தெரிஞ்சா இனி என்னைத் தேட்டர் வாசப்படி மிதிக்க உடமாட்டாருங்களே. என்ன சொல்றதுங்க?"

பையருக்கு ஆயிரம் சாக்கு எழுதத் தெரிந்த எனக்கு அந்த நேரத்தில் ஒரு வரிகூட வரவில்லை. அண்ணாச்சி வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்திருந்தார். கையில் பப்ஸ் பொட்டலம், பிரிக்காமலே ஆறிப்போயிருந்தது. எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். அந்த மனிதர் வாழ்க்கையில் கேட்டிராத கேள்வியைக் கேட்டார்.

"அந்தப் புள்ள என்ன ஆச்சு?"

அக்கா வாயைத் திறந்தாள்.

"ஜெயிச்சுட்டாளுங்க."

"மெய்யாலுமா?"

"ஆமாங்க. போட்டியன்னிக்கு லாரி நடு ரோட்டுல நின்னு போச்சு. அப்பங்காரன் அழுகறான். இவ இறங்கி ஓடறா பாருங்க, மைதானத்துக்கு ஓடியே போயிச் சேந்து, மூச்சு வாங்காம அங்கயும் ஓடி ஜெயிக்கறா. கவருமெண்டுல வேலை குடுத்துட்டாங்க. அப்பன் ரெண்டாவது லாரியே வாங்கிட்டான். லோன் இல்லாம."

"லோன் இல்லாமயா!" அண்ணாச்சிக்கு உடம்பு சிலிர்த்தது. "அப்புறம் ஏன் உன்ற கண்ணு இப்படிச் செவந்திருக்குது?"

"சந்தோசம் தாங்காம அழுதனுங்க."

"நாந்தான் அப்பவே சொன்னனே, நல்ல படமுன்னு" என்று பப்ஸைப் பிரித்து எங்களுக்குக் கொடுத்தார்.

அன்று முதல் அந்த வீட்டில் அது வழக்கமாயிற்று. இடைவேளை வரைக்கும் இருவரும் சேர்ந்து பார்ப்பார்கள். பிறகு அவர் வெளியே போய் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்துகொள்வார், அக்கா மிச்சத்தைப் பார்ப்பாள். வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டே வருவாள். புத்தகத்துக்கும் அதே ஏற்பாடு. லேபிள் வரைக்கும் அவர், லேபிளுக்கு அப்புறம் அவள். பேய் வீட்டுத் தம்பதிக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது. கொலைக்கதையில் டாக்டர்தான் கொலைகாரன் என்று அக்காவே கண்ணால் படித்திருந்தும், அவர் ஆசையாகக் கேட்டபோது மனசு வராமல், "சமையல்காரந்தானுங்க" என்று சொல்லிவிட்டாள். விஷக் காப்பிக்கு என்ன சொன்னாள் தெரியுமா? அது விஷமே இல்லை, சத்து மருந்து.

அண்ணாச்சியின் அபிப்பிராயங்களுக்கு இப்போது முடிவும் சேர்ந்துகொண்டது. முடிவெட்டும் கடையில் ஒருவர், தான் முழுப் படமும் பார்த்ததாகவும் அப்படி ஒரு முடிவே இல்லை என்றும் சண்டைக்கு வந்திருக்கிறார். "உங்களுக்குத் தூக்கம் வந்திருக்குமுங்க" என்று அண்ணாச்சி மிகுந்த பணிவோடு சொல்லிவிட்டு வந்தாராம்.

எனக்குப் பொறுக்கவில்லை. அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "அநியாயமால்லா இருக்கு. எழுதுனவன் கேட்டாம்னா நெஞ்சு வெடிச்சுச் செத்துப்போவான்."

"அவருக்கு ஒரு முடிவு புடிச்சுது, எழுதுனாரு. எனக்கு ஒண்ணு புடிக்குதுங்க" என்றாள் அக்கா. கேட்டதற்குமேல் ஒரு சொல் பேசாத அந்த அம்மாளா இது என்று அவளையே பார்த்தேன்.

பிறகு என் கணவருக்கு அவிநாசிப் பக்கம் வேலை மாற, நாங்கள் வீட்டைக் காலி செய்தோம். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் எங்களுக்கு அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. அக்கா உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். டிவியில் அந்த லாரிப் படம். இடைவேளை என்று எழுத்து விழுந்ததும் அண்ணாச்சி பழக்கதோசத்தில் டிவியை அணைத்துவிட்டு, மிச்சத்தை எனக்கு விவரமாகச் சொன்னார். லாரி நின்றது, மகள் ஓடியது, வேலை, இரண்டாவது லாரி. சொல்லி முடித்து நேராக என்னைப் பார்த்தார்.

"நீங்களுந்தானே அன்னிக்குப் பாத்தீங்க அம்மிணி? இவ சொல்ற மாதிரித்தானே முடிஞ்சுது?"

உள்ளே தோசைக்கல்லில் கரண்டிச் சத்தம் நின்றது. நான் இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், அக்காவின் ஞாயிற்றுக்கிழமைகள் அத்தோடு தீர்ந்தன.

"ஆமா அண்ணாச்சி. அப்படியேதான்."

அவர் என் பக்கம் சாய்ந்து, குரலைத் தணித்துக்கொண்டார்.

"நீங்க நல்லவீங்க அம்மிணி. ஆனா அவளாட்ட உங்களுக்குப் பொய் சொல்ல வரலீங்க."

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன்.

"பஸ் ஸ்டாண்டுச் செவுத்துல அந்தப் படத்து போஸ்டர் ஒட்டியிருந்தாங்கள்ல? அந்தப் புள்ள அப்பன் போட்டோவுக்கு மாலை போட்டு மடியில வெச்சுட்டு உக்காந்திருந்துச்சுங்க. படம் பாத்த மறுநாளே பாத்துட்டேன்."

"பொறவு ஏன் அண்ணாச்சி ஒண்ணும் கேக்கல?"

அவர் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "கண்ணாலமாயி இத்தன வருசத்துல, சாப்புட வாங்க, தண்ணி வந்துருச்சுங்க, இதுக்குமேல எங்கூட அவ பேசுனதே இல்லீங்க. நானும் என்னென்னமோ படத்துக்குக் கூட்டிட்டுப் போயிப் பாத்தேன். இப்ப வண்டியில ஏறுனா ஊடு வர்ற வரைக்கும் பேசறா. சிக்னல்ல நின்னாக்கூட நிறுத்தறதில்லீங்க. நான் இப்பெல்லாம் சுத்து வழியாத்தான் வர்றேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் முடியவில்லை. அவர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து, ஒன்றும் நடக்காதவர்போல உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"புள்ள, அந்த ரெண்டாவது லாரியப் பத்தி அம்மிணிக்குச் சரியா ஞாபகமில்லையாமா. சித்த வந்து சொல்லு."

அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு, தோசைக் கரண்டியும் கையுமாக வந்து எங்கள் எதிரில் உட்கார்ந்து, அந்த லாரிக்கு என்ன கலர் அடித்தார்கள் என்பதிலிருந்து ஆரம்பித்தாள்.